கல்லில் வாட்டிய கறியும் கடைசியில் இடும் வெண்ணெயும்

சென்ற ஆண்டு பொங்கல் விழாவின்போது சித்தூரில் உள்ள உறவினர் இல்லத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அவ்வில்லத்தார் மூன்று தலைமுறையாக அங்கு வாழும் தமிழர். கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆந்திர நாட்டில் சங்கராந்திக்கு மறுநாளைக் 'கனும' என்பர். மாட்டுப் பொங்கலாகிய அந்நாளில் புலால் உண்ணும் வீடுகளிலெல்லாம் காலை முதலே கறியின் மணம் கமழும். அவ்வீட்டுப் பேரன் பெங்களூரில் ஓர் உணவு விடுதியின் அடுக்களையில் பணி புரிபவன்; விழாவுக்காக வந்திருந்தான். "பாட்டி, இன்னிக்கு நீங்க அடுப்புப் பக்கம் வரவேண்டாம். ஓட்டல்ல நான் பண்ற மாதிரி ஸ்டேக் பண்ணித் தரேன்" என்று சொல்லி, அன்று காலையில் அறுத்த வெள்ளாட்டின் தொடைக் கறியில் அரைக் கிலோவைக் கனமான வில்லைகளாக வாங்கி வந்தான்.

வாணலியை அடுப்பிலேற்றி, வெண்ணெயைத் தாராளமாக இட்டு, தழைகளைத் தூவி, கறியை வைத்தான். சற்று நேரத்தில் வெண்ணெய் கருகிப் புகைந்தது. கறியினின்று நீர் பெருகி வாணலியில் தேங்கியது. பொன்னிறமாக வரவேண்டிய கறி சாம்பல் நிறத்தில் வெந்து சுருங்கிற்று. பாட்டி ஒரு துண்டை நெடுநேரம் மென்று பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்ப்பா இருக்கு, எனக்குத்தான் பல்லு இல்ல" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். பல் உள்ள நாமும் அதனையே செய்தோம். பேரனின் முகம் வாடிவிட்டது. தொழில் தெரிந்தவன், தான் கற்ற முறைப்படியே செய்தவன். எனினும் பண்டம் கெட்டது. விலை கொடுத்து வாங்கிய கறி வீணானது ஒருபுறம் இருக்க, பாட்டிக்கென்று ஆசையாகச் செய்தது வீணாயிற்றே என்பதுதான் அவனுடைய வருத்தம். பிழை எங்கு நேர்ந்தது என்று அன்று மாலை அவனும் நாமும் உட்கார்ந்து ஆராய்ந்ததையே இங்கு விளக்க முற்படுகின்றோம். பிற மாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் பலருக்கும், பிள்ளைகள் வெளியில் உண்டு பழகிய பண்டத்தை வீட்டில் செய்து பார்க்கும் நிலை ஏற்படுகின்றது.

ஸ்டேக் என்பது யாது? எலும்பை ஒட்டிய மென்மையான தசையைக் கனமான வில்லையாக அறுத்து, மிகுந்த சூட்டில் சிறிது நேரம் மட்டும் வாட்டி எடுப்பதே அது. கோலிற் குத்திச் சுடுதல் என்னும் பொருள் கொண்ட பழைய வடபுல ஐரோப்பியச் சொல்லின் வழி வந்த பெயர் என்பர். மேனாடுகளில் இது பெரும்பாலும் மாட்டிறைச்சியாற் செய்யப்படுவது. நம் பகுதிகளுக்கு இது வெள்ளையர் பங்களாச் சமையற்காரர்கள் வழியாக வந்து சேர்ந்தது. சென்னை இராசதானியில் வாழ்ந்த ஆங்கிலேயரின் அடுக்களைக்கென்றே கென்னி-ஹெர்பர்ட் என்னும் படைத்துறை அதிகாரி எழுதிய சமையல் நூலொன்று 1878இல் சென்னையில் வெளிவந்தது. அக்காலத்தில் சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆகவே கலெக்டர் பங்களாக்களும் பட்லர் சமையலும் அவ்வூருக்குப் புதியனவல்ல. ஆயினும் நம் இல்லங்களின் வழக்கமும், ஆந்திரத்தில் 1977ஆம் ஆண்டு முதல் உள்ள பசுவதைத் தடைச் சட்டமும் காரணமாக, சித்தூரிலும் திருப்பதியிலும் கறி என்றால் ஆட்டுக் கறியே. இங்குத்தான் முதற் சிக்கல் எழுகின்றது. மாட்டின் ஒரு குறிப்பிட்ட தசைக்கென வகுத்த முறையை ஆட்டின் வேறொரு தசைக்கு அப்படியே பொருத்த இயலுமா?

விலங்கின் உடலில் உழைக்கும் தசை, உழைக்காத தசை என இரு வகையுண்டு. தொடையும் முன்னங்காலும் கழுத்தும் நாளெல்லாம் உழைப்பவை. குன்றேறி மேயும் சித்தூர்ப் பக்கத்து ஆட்டுக்குக் கேட்க வேண்டுவதில்லை! அத்தகைய தசைகளில் இழைகளைப் பிணைக்கும் கொலாஜென் என்னும் நார்ப்பொருள் மிகுதி. அது நீரும் சூடும் நெடுநேரம் சேர்ந்தாலன்றி இளகிக் கூழாகாது. சில நிமிடம் வாட்டினால் சுருங்கி, இறைச்சியின் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசையோ மிகுதியாக உழைப்பதில்லை. அதில் நார் குறைவு. நம் கடைகளில் 'சாப்ஸ்' என்று கேட்டால் தருவது விலாவெலும்போடு கூடிய இப்பகுதியையே. வாட்டுவதற்கு ஏற்றது இதுவொன்றுதான். தொடைக் கறியை முதலில் மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்து, நீர் வற்றிய பின் வறுத்தெடுக்கும் நம் சுக்கா முறையைச் சிலர் நாகரிகமற்றது என்று கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாரை முதலில் நீரால் இளக்கி, நிறத்தையும் மணத்தையும் பின்னர்ச் சூட்டால் பெறும் அம்முறை, கடினமான தசைக்கு வேறெந்த முறையினும் பொருத்தமானது. பாட்டியிடம் அத்தொடைக் கறியைக் கொடுத்திருந்தால் அவர் அதனைத்தான் செய்திருப்பார்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. காலையில் அறுத்த கறியை அன்றே சமைப்பதுதான் சிறந்தது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். குழம்புக்கு அது சரியே. வாட்டுவதற்கு அது பொருந்தாது. விலங்கு உயிர் நீத்த சில மணி நேரத்தில் அதன் தசைகள் விறைக்கத் தொடங்குகின்றன. ஏறக்குறைய ஒரு நாள் கழிந்தே அவ்விறைப்புத் தளரும். தசையிலேயே உள்ள நொதிகள் அதன் பின்னரும் மெல்ல மெல்ல இழைகளைத் தளர்த்துகின்றன. மேனாட்டில் ஸ்டேக்குக்குரிய மாட்டிறைச்சியை இரண்டு மூன்று வாரம்கூடக் குளிரறையில் வைத்திருந்த பின்னரே விற்கின்றனர். ஆட்டுக் கறிக்கு அவ்வளவு காலம் வேண்டா. குளிர்ப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைத்தாற் போதும். உறைய வைக்கும் பகுதியில் வைத்தல் கூடாது. அங்கு இவ்வேலை நடைபெறாது. நம் பேரன் வாங்கி வந்தது அறுத்து மூன்று மணி நேரமே ஆன கறி. விடுதியில் அவன் கையாளும் கறியோ பல நாள் குளிரில் கிடந்து பதமாகி வருவது. அவ்வேறுபாட்டை அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இனி நீரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வாட்டிய கறியின் பொன்னிறமும் மணமும் எங்கிருந்து வருகின்றன? புரதத்தின் கூறுகளும் சர்க்கரைக் கூறுகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய மணப் பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. மெய்யார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1912இல் இதனை விளக்கியதால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தோசையின் முறுகலும், வறுத்த காப்பிக் கொட்டையின் மணமும் இவ்வினையின் பயனே. இது விரைந்து நடைபெறச் சூடு ஏறக்குறைய 140 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேண்டும். நீர் கொதிப்பதோ 100 பாகையில். கறியின் மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அச்சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. கழுவிய கறியை அப்படியே கல்லில் இட்டால் அது வாடாது, வேகும். பேரனின் வாணலியில் கண்ட சாம்பல் நிறத்துக்கு இதுவே காரணம். ஆகவே கறியைத் தூய துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்தவேண்டும். மேற்புறம் வாட்டினால் உட்சாறு வெளியேறாமல் அடைபடும் என்று ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் 1847இல் கூறியதைச் சமையற் புத்தகங்கள் இன்றளவும் திருப்பிச் சொல்கின்றன. 1930களில் எடைபோட்டுப் பார்த்த ஆய்வுகளில் அது தவறென்று புலனாயிற்று. வாட்டுவது மணத்துக்காகவும் நிறத்துக்காகவுமே. சாற்றைக் காக்க அன்று.

கல் போதிய அளவு சூடேறிற்றா என்று அறிய நம் வீட்டுப் பெண்டிருக்கு எக்கருவியும் வேண்டா. தோசை வார்க்குமுன் நீர் தெளித்துப் பார்ப்பதே அச்சோதனை. துளிகள் 'சுர்'ரென்று உடனே வற்றினால் தோசைக்கு ஏற்ற சூடு. வற்றாமல் பாதரசம்போல் உருண்டோடினால் தோசைக்கு மிகை; கறிக்கு அதுவே பதம். துளிக்கும் கல்லுக்கும் இடையே ஆவியாலாகிய மெல்லிய படலம் தோன்றி நீரைத் தாங்குவதால் அது ஓடுகின்றது. லைடன்ஃபிராஸ்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை 1756இல் விளக்கினார். கனமான இரும்புத் தோசைக் கல் இதற்கு மிகவும் ஏற்றது. குளிர்ந்த கறி பட்டவுடன் சூடு இறங்கிவிடாமல் அதன் கனம் காக்கின்றது. ஆனால் தோசைக் கல்லில் கறியை வைக்கப் பல வீடுகளில் ஒப்பமாட்டார்கள். இதற்கெனத் தனியே ஒரு கல்லை வைத்துக்கொள்வது இல்லத்தின் அமைதிக்கு நல்லது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரங்களை இவ்வளவு சூடேற்றுதல் ஆகாது.

வெண்ணெய்க்கு வருவோம். சித்தூர்ச் சீமையையும் பாலையும் பிரித்துப் பேச இயலாது. புங்கனூர் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் குட்டைப் பசு உலகின் மிகச் சிறிய மாட்டினங்களுள் ஒன்று. உயரம் மூன்று அடியை ஒட்டியே இருக்கும். கொழுப்பு மிக்க பாலுக்கு அது பெயர்பெற்றது. அருகி வந்த அவ்வினத்தைப் பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வளர்க்கின்றனர். பாலைத் தோய்த்துத் தயிராக்கி, மத்தினாற் கடைந்து எடுக்கும் நாட்டு வெண்ணெயில் புளிப்பின் மணம் உண்டு. வெளிநாட்டார் உயர்ந்த வெண்ணெய் என்று விலை கொடுத்து வாங்குவதும் இவ்வாறு புளிக்க வைத்துக் கடைந்ததையே. கடையில் விற்கும் வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு, ஏறக்குறைய 16 பங்கு நீர், எஞ்சியது பாலின் திண்மப் பொருளும் உப்பும். வீட்டு வெண்ணெயில் நீரும் மோரும் இன்னும் மிகுதியாகவே இருக்கும். இத்திண்மப் பொருள் 150 பாகையை நெருங்கும்போதே சிவந்து, அதற்கு மேல் கருகத் தொடங்குகின்றது. கறிக்கு வேண்டிய சூட்டிலுள்ள கல்லில் வெண்ணெயை முதலிலேயே இட்டால் என்னாகும் என்பதைக் கனுமன்று கண்ணாரக் கண்டோம். நெய்யில் அத்திண்மப் பொருள் நீங்கிவிடுவதால் அது 250 பாகை வரை புகையாமல் நிற்கும். எனவே தொடக்கத்தில் நெய். சூட்டைத் தணித்த பின், கடைசியில், மணத்துக்காக வெண்ணெய். நெய்யின்றிக் கடலை எண்ணெயைக் கொள்வோர் சுத்திகரித்ததைக் கொள்ளலாம். செக்கெண்ணெய் விரைவில் புகையும்.

வெண்ணெயில் தழையை இடுவது அயலாரின் கண்டுபிடிப்பு என்று எவரேனும் கூறினால் நாம் ஒப்பவேண்டியதில்லை. வெண்ணெய் காய்ச்சும்போது இறக்குந் தறுவாயில் ஒரு கொத்து முருங்கைக் கீரையையோ கறிவேப்பிலையையோ இடுவது நம் வீடுகளில் தொன்றுதொட்ட வழக்கம். தழைகளின் மணம் பெரும்பாலும் எண்ணெய்த் தன்மை உடையது. நீரில் எளிதிற் கரையாது, கொழுப்பிற் கரையும். மேனாட்டார் ஸ்டேக்குக்குத் 'தைம்' என்னும் தழையை இடுவர். அதன் மணத்துக்குக் காரணமான தைமால் என்னும் பொருள் நம் ஓமத்தில் உள்ளது. கற்பூரவல்லியின் மணமும் அதனையும் அதன் நெருங்கிய உறவான கார்வக்ராலையும் சார்ந்தது. ஆகவே தொட்டியில் வளரும் கற்பூரவல்லியின் இலை மூன்று பறித்துக்கொண்டால், தைமைத் தேடிப் பெருநகர்க் கடைகளுக்கு அலைய வேண்டுவதில்லை. இலை சதைப்பற்றுள்ளது, கசக்கி, ஈரத்தைத் துடைத்து இடவேண்டும். குழந்தையின் இருமலுக்குக் கொடுக்கும் இலையாயிற்றே என்று பாட்டி முதலில் சிரித்தார்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் புதிதாகச் சென்று குடியேறியோர்க்குக் கடைவீதியில் உதவும் சில சொற்களை இடையே கூறிவிடுகின்றோம். வெண்ணெய் தெலுங்கில் 'வென்ன', நெய் 'நெய்யி', கறிவேப்பிலை 'கரிவேபாகு'. இவை கேட்டவுடன் விளங்கும். வெள்ளாடு 'மேக', செம்மறிக் கடா 'பொட்டேலு'. தோசைக் கல்லைப் 'பெனம்' என்பர். வறுவலுக்கு 'வேபுடு' என்று பெயர். பூண்டு 'வெல்லுல்லி', மிளகு 'மிரியாலு'. சாப்ஸ் என்ற சொல் அங்கும் செல்லும். ஆனால் கனத்தை விரலால் காட்டி ஓர் அங்குலம் என்று சொல்லாவிடில் குழம்புக்கு நறுக்குவதுபோல் மெல்லியதாகத் தட்டிக் கொடுத்துவிடுவர்.

இளம் ஆட்டின் சாப்ஸ் அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவி, மூடாத தட்டில், மற்ற உணவுப் பொருள்களின் மேல் சொட்டாதவாறு கீழ்த்தட்டில், குளிர்ப் பெட்டியில் ஓரிரவு வைக்கவேண்டும். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பின்னர் அந்நீர் உப்போடு உள்ளே செல்லும், மேற்பரப்பும் உலரும். மறுநாள் சமைப்பதற்கு அரை மணி முன் வெளியில் எடுத்து, துணியால் ஒற்றவேண்டும். கல்லை நன்கு காயவைத்து, ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டு, துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கவேண்டும். நெருக்கி வைத்தால் ஆவி போக வழியின்றி மீண்டும் நீர் தேங்கும். மூன்று நிமிடம் கிளறாமல் விட்டு, நிறம் ஏறியபின் திருப்பி, மறுபுறமும் மூன்று நிமிடம். இப்பொழுது தீயை நன்கு குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், தோலோடு நசுக்கிய பூண்டு நான்கு பல், கறிவேப்பிலை இரண்டு கொத்து, கற்பூரவல்லி ஆகியவற்றை இடுக. கறிவேப்பிலை வெடித்துத் தெறிக்கும். சற்று விலகி நிற்பது நலம். வெண்ணெய் நுரைத்து அடங்கும்போது, கல்லை ஒருபுறம் சாய்த்து, உருகியதைக் கரண்டியால் மொண்டு மொண்டு கறியின்மேல் இரண்டு நிமிடம் ஊற்றவேண்டும். தட்டையான தோசைக் கல்லில் இது வழிந்துவிடும். விளிம்புள்ள குழிக் கல்லோ இரும்பு வாணலியோ தேவை. பொடித்த மிளகைக் கடைசியில் தூவுக. முன்னரே இட்டால் கருகிக் கசக்கும்.

இறக்கியவுடன் அறுத்தல் ஆகாது. ஐந்து நிமிடம் தட்டில் வைத்திருந்தால் சூடு உள்ளே பரவி அடங்கும், சாறும் சற்றுக் கெட்டிப்படும். மேனாட்டு விடுதிகளில் உட்புறம் சிவந்திருக்கவே சிலர் விரும்புவர். நம் நாட்டுச் சந்தைக் கறிக்கு அதனை நாம் பரிந்துரைக்க இயலாது. கறியின் நடுப்பகுதி 63 பாகையை எட்டி மூன்று நிமிடமேனும் அடங்கியிருக்க வேண்டும். முதியோர், கருவுற்றோர், சிறுவர் ஆகியோர்க்குச் சிவப்பே இல்லாமல் வேகவைத்துத் தருவதே முறை. வெப்பமானி இல்லாதோர் ஒரு துண்டை எலும்பருகே அறுத்துப் பார்த்து, குறையிருந்தால் சிறு தீயில் மூடி வைக்கலாம்.

புலால் உண்ணாதோரும் நம் நேயர்களுள் பலர். திருப்பதியில் மலையடிவாரத்தில் அலிபிரியைக் கடந்துவிட்டால் புலாலுக்கும் மதுவுக்கும் இடமில்லை. திருமலையில் நெய்யே அரசு செலுத்துகின்றது. அவர்களுக்குச் சேனைக் கிழங்கு கைகொடுக்கும். முக்கால் அங்குலக் கனத்தில் வில்லைகளாக அறுத்து, புளிநீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, நன்றாக ஈரம் போக உலர்த்தி, மேற்கூறியவாறே நெய்யில் வாட்டி, வெண்ணெயும் தழையும் இட்டு மொண்டு ஊற்றினால், மேலே முறுகலும் உள்ளே வெண்மையான மென்மையும் வாய்க்கின்றன. புளிநீரில் வேகவைக்காவிடில் நாவரிக்கும். உண்மையைச் சொல்லப்போனால் கறியைவிட இதனையே நாம் இருமுறை கேட்டு வாங்கி உண்டோம்.

பேரனுக்கு விடுமுறை இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் அவன் தானே கடைக்குச் சென்று, விரலால் கனத்தைக் காட்டி, சாப்ஸ் வாங்கி வந்து, உப்பிட்டுக் குளிர்ப் பெட்டியில் வைத்தான். "கறியை வாங்கிட்டு ஆக்காம வெக்கிறானே" என்று பாட்டி அன்று முழுதும் குறைபட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நண்பகலில் கல் காய்ந்து நீர்த்துளி உருண்டோடியபின் கறி ஏறிற்று. வெண்ணெய் கடைசியில்தான் விழுந்தது. எலும்பிலிருந்து எடுத்து, இழைக்குக் குறுக்காக மெல்லிய சீவல்களாக அறுத்துப் பாட்டியின் தட்டில் வைத்தான். அவர் கேழ்வரகுக் களியோடு சேர்த்து அதனை உண்டார். தட்டு காலியான பின், "மிளகு இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்ப்பா" என்றார். அவன் எழுந்துபோய் மிளகை இடித்துக்கொண்டு வந்தான். அடுத்த துண்டு கல்லில் காத்திருந்தது.